ககரத்தின் அடியில் ஒரு புள்ளி

சிதம்பரத்திற்கு வடகிழக்கே, கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்திருக்கும் பரங்கிப்பேட்டை, போர்த்துக்கீசியர் நாவில் போர்ட்டோ நோவோ என்றும், முஸ்லிம் வர்த்தகர் வழக்கில் மஹ்மூது பந்தர் என்றும், மூன்று பெயர்களைத் தாங்கி நின்ற துறைமுகமாகும். 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஹைதர் அலியின் சேனையும் அயர் கூட்டின் சேனையும் இதனருகே பொருதியதைச் சரித்திர மாணவர் அறிவர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடிவந்தபோது அவரை ஆதரித்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் இவ்வூரினர் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். ஆனால் அந்த வள்ளலின் சமுதாயம், காவியத்தைத் தமிழ் எழுத்தில் கேட்டு மகிழ்ந்துகொண்டே, மார்க்க விளக்கங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் வீட்டுக் கடிதங்களையும் அதே தமிழ் மொழியில், ஆயினும் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதிவந்தது என்ற செய்தியை அறிந்தோர் இன்று சிலரே. அவ்வாறு எழுதப்பட்ட தமிழுக்கு அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் பெயர். பரங்கிப்பேட்டையிலும், வீராணம் ஏரியை அடுத்து அரபுக் கல்லூரியால் பெயர் பெற்ற லால்பேட்டையிலும், தெற்கே நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களிலும், கடல் கடந்து இலங்கையின் பேருவளையிலும் காலியிலும் அது வழங்கிற்று.

அரபுத்தமிழைத் தனியொரு மொழி என்று கருதுவது பொருந்தாது. அதன் இலக்கணம் தமிழிலக்கணம். அதன் வினைச்சொற்கள் தமிழ் வினைச்சொற்கள். அரபுச் சொற்கள் மிகுதியாக விரவியிருப்பினும் அவை தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றே நடக்கும். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ் என்று போற்றப்பட்டவர், மார்க்கச் சட்டத்தை எளிய மக்களுக்கு விளக்கும்பொருட்டு ‘மகானீ’ என்னும் பெரிய கிதாபை இந்த எழுத்திலேயே இயற்றினார். மக்தபில் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற ஒரு பெண், வேறு பள்ளிக்கூடம் செல்லாவிடினும், அந்த எழுத்தறிவைக் கொண்டே தன் தாய்மொழியில் ஒரு நூலைப் படித்துவிடலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். பல தலைமுறைகளாக இக்கரையோரத்துப் பெண்களின் கல்வி அந்தச் சௌகரியத்தின்மீதே நின்றது.

இந்த எழுத்துமுறையை இன்று கணினியில் எழுத இயலுமா, இயலுமாயின் எந்த உபாயத்தால், என்பதே நாம் இங்கே ஆராயப் புகுந்த விஷயம். அதற்கு முதலில், அரபு எழுத்தைக் கையிலெடுத்த தமிழ் ஆலிம்கள் எதிர்கொண்ட சிரமத்தை உணர்தல் வேண்டும். அரபு நெடுங்கணக்கில் இருபத்தெட்டு எழுத்துகள் உண்டு. அவற்றுள் பகரம் இல்லை, டகரம் இல்லை, ணகரம் இல்லை, றகரமும் ஙகரமும் இல்லை. உயிர்களிலோ அ, இ, உ என்ற மூன்றும் அவற்றின் நெடில்களுமே உண்டு. எகரமும் ஒகரமும் கிடையா. பாரசீகர் தங்கள் பகரத்துக்கும் சகரத்துக்கும் புதிய வடிவங்களை ஆக்கிக்கொண்டதுபோல, தமிழ் ஆலிம்களும் அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய அக்ஷரங்களைப் படைத்தனர். ‘ஃபே’ எழுத்தின் மேற்புள்ளியை அப்படியே வைத்து, அடியில் ஒரு புள்ளி சேர்த்தால் பகரம். ‘தால்’ எழுத்தின் அடியில் புள்ளியிட்டால் டகரம், ‘ரே’யின் அடியில் இட்டால் றகரம், ‘நூன்’ எழுத்தின் அடியில் இட்டால் ணகரம், ‘ஐன்’ எழுத்தின் அடியில் மூன்று புள்ளியிட்டால் ஙகரம். ‘காஃப்’ எழுத்தின் அடியில் ஒரு புள்ளியிட்டால், ‘தங்கம்’ என்பதில் நாம் மென்மையாக ஒலிக்கும் ககரம். தமிழின் ளகர ழகர இனத்து ஒலிகளுக்கு ‘ளாத்’ எழுத்தின் அடியில் புள்ளியிட்ட வடிவம் துணைபுரிந்தது. ரமளான், வுளு என்று இன்றும் தமிழ் முஸ்லிம்கள் எழுதுவதைக் கவனித்தவர்களுக்கு, அந்த அரபு எழுத்தைத் தமிழ்ச் செவி எவ்வாறு கேட்டது என்பது விளங்கும். இவ்வழக்கு எல்லா ஊர்களிலும் ஒரே சீராக இருந்ததில்லை. எழுதுவோர் கைக்கேற்பச் சில வேறுபாடுகள் உண்டு. ஆயினும் மூல எழுத்தின் உருவத்தைச் சிதைக்காமல், கூடிய மட்டும் அடியில் புள்ளி சேர்த்து, படிப்போர் தாம் முன்பே அறிந்த எழுத்தை அடையாளம் காணும்படி செய்த அந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது.

இங்கே ஒரு விஷயம் என் கருத்தைக் கவர்கிறது. உருது எழுதுவோர் டகரத்துக்கு எழுத்தின் தலைமேல் சிறிய ‘தோய்’ வடிவம் ஒன்றை ஏற்றுகிறார்கள். அரபுத்தமிழ் அந்த வழியைப் பின்பற்றவில்லை. மாறாக, தாலின் அடியில் புள்ளியிடும் வழக்கத்தை ஜாவாத் தீவின் பெகோன் எழுத்திலும் காண்கிறோம். மலாய் மொழிக்குரிய ஜாவி எழுத்தில் ஐன்மேல் மூன்று புள்ளி வைத்தால் ஙகரம், காஃப்மேல் ஒரு புள்ளி வைத்தால் மென்மையான ககரம். அங்கே மேலே வைத்த புள்ளிகளை இங்கே கீழே வைத்தார்கள். எழுத்துகளின் தேர்வோ ஒன்றாகவே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் முஸ்லிம்கள் தில்லியைக் காட்டிலும் மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் அண்மையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இப்புள்ளிகளும் ஒரு சாட்சி என்றே நான் கொள்கிறேன்.

எகர ஒகரங்களின் கதை வேறு. அரபில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுத்துகளாக எழுதப்படுவதில்லை. எழுத்தின் மேலும் கீழும் ஜபர், ஜேர், பேஷ் என்று நம் மதரசாக்களில் வழங்கும் சிறு குறிகளாக இடப்படுகின்றன. பேஷ் உகரத்தைக் குறிப்பது. அதைத் தலைகீழாக்கி எழுத்தின்மேல் வைத்தால் ஒகரம் என்றும், தலைகீழாக்கி எழுத்தின் கீழே வைத்தால் எகரம் என்றும் தமிழ் ஆலிம்கள் வகுத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்திலேயே இந்த இரண்டு உயிர்களும் நெடுங்காலம் சங்கடம் விளைத்தவை என்பதை நினைவுகூரலாம்: குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார்; ஓலையில் புள்ளி மறைந்துபோகவே குறிலும் நெடிலும் மயங்கின; பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்த மயக்கத்தை நீக்க வடிவங்களைத் திருத்தினார். அதே எகரமும் ஒகரமும் அரபு எழுத்துக்குள் புகுந்தபோதும் புதுக் குறிகளைக் கேட்டுப் பெற்றன.

கையால் எழுதும் காலத்தில் இவையெல்லாம் தடையாகவில்லை. மை தோய்ந்த எழுதுகோலுக்கு எந்தப் புள்ளியும் சம்மதமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபோது எழுத்தாளன் எழுதிய பக்கம் அப்படியே கல்லில் படிந்து அச்சேறியதால், அரபுத்தமிழ் நூல்கள் அந்த முறையிலேயே ஏராளமாக வெளிவந்தன. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வார்ப்பு வேண்டும். சில ஆயிரம் பிரதிகள் விற்கும் நூல்களுக்காக அந்தச் செலவை ஏற்பார் யார்? இந்தச் சிரமம், கணினி என்னும் யந்திரம் வந்தபோது புதியதொரு ரூபத்தில் திரும்பி வந்தது.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். திரையில் நாம் காண்பது அந்த எண்ணுக்குரிய உருவம். நினைவகத்தில் கிடப்பதும், கம்பியில் பயணம் செய்வதும், தேடும்போது ஒப்பிடப்படுவதும் எண்ணே. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற உடன்படிக்கை உலகத்தாரிடையே இல்லாவிடில், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க முடியாது. வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ்க் கடிதங்கள் பொருளற்ற குறிகளாகத் திரையில் விழுந்த காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அரபு நாடுகளின் தர நிர்ணய அமைப்பு 1986-இல் வகுத்த அட்டவணை, மறு ஆண்டே ஐ.எஸ்.ஓ. 8859-6 என்ற சர்வதேசத் தரமாயிற்று. 256 ஸ்தானங்களே கொண்ட அந்தச் சிறிய அட்டவணையில் அரபு மொழிக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும் இடம்பெற்றன. பாரசீகத்தின் பகரத்துக்குக்கூட அதில் இடமில்லை என்றால், பரங்கிப்பேட்டையின் பகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் யூனிகோடு என்னும் பொது அட்டவணையின் முதற் பதிப்பு வெளியானபோதுதான், உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை என்ற கொள்கை நிலைபெற்றது. அவ்வரிசையில் 1536 முதல் 1791 வரை அரபு எழுத்துக்கும், 2944 முதல் 3071 வரை தமிழுக்கும் ஒதுக்கப்பட்டன.

அரபு எழுத்துக்கு எண் கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அவ்வெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவமும், இடையில் ஒரு வடிவமும், ஈற்றில் ஒரு வடிவமும், தனித்து நிற்கையில் வேறொரு வடிவமும் கொள்வன. அலிஃப், தால், ரே, வாவ் முதலிய சில மட்டும் வலப்புறத்து எழுத்தோடு சேருமேயன்றி இடப்புறத்து எழுத்தோடு சேரா. இவ்வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுப்பதா, அல்லது எழுத்துக்கு ஒரே எண் கொடுத்து வடிவத்தை யந்திரத்தின் பொறுப்பில் விடுவதா என்ற கேள்விக்கு, யூனிகோடு இரண்டாவது விடையையே தேர்ந்தது. சிதம்பரம் கோபுர வாயில்களில் நூற்றெட்டு கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கை மாறுகிறது, கால் மாறுகிறது, ஆடுகிற நிலை மாறுகிறது, எனினும் ஆட்டம் என்னும் சாஸ்திரம் ஒன்றே என்று காண்போர் அறிகிறார்கள். அதுபோலவே ‘பே’ என்னும் எழுத்து சொல்லுக்குள் எந்த நிலையில் நின்றாலும் அதன் எண் 1576 ஒன்றே. அக்கம்பக்கத்தில் நிற்பது எது என்று பார்த்து, உரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து வைப்பது எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. ஒவ்வோர் எழுத்தும் இரு புறமும் சேர்வதா, ஒரு புறம் மட்டும் சேர்வதா, சேராததா என்று குறித்த தனி அட்டவணை ஒன்று யூனிகோடுடன் வெளியிடப்படுகிறது.

இக்கொள்கைக்கு முந்திய காலத்தின் எச்சங்களும் அந்த எண்வரிசையில் இருக்கவே இருக்கின்றன. பழைய யந்திரங்களோடு ஒத்துப்போகும்பொருட்டு, தொடக்க வடிவம், இடை வடிவம் என்று தனித்தனியே எண் பெற்ற உருவங்கள் சில நூறு உண்டு. பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் முழு வாக்கியமே 65021 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அவற்றைப் புதிய நூல்களில் பயன்படுத்துதல் நன்றன்று. வடிவத்தைச் சேமித்தவன் எழுத்தை இழந்துவிடுகிறான், பின்னர் தேடினால் அகப்படாது.

வலமிருந்து இடமாக எழுதுவதைப் பற்றி வாசகர் வினவக்கூடும். இதில் பலர் எண்ணுகிற அளவுக்குச் சிக்கல் இல்லை. நினைவகத்தில் எழுத்துகள் வாசிக்கும் வரிசையிலேயே கிடக்கின்றன. முதலில் ஒலிப்பது முதலில், பின்னர் ஒலிப்பது பின்னர். திசை என்பது காட்சிக்குரியது. ஒவ்வோர் எழுத்துக்கும் தன் திசை இன்னதென்ற குணம் விதிக்கப்பட்டிருப்பதால், அரபுத்தமிழ் வரி ஒன்றின் நடுவே தமிழ் எழுத்தில் ஓர் ஊர்ப்பெயரோ, இடமிருந்து வலமாகவே எழுதப்படும் ஆண்டு எண்ணோ வந்தால், அவற்றை அந்தந்தத் திசையில் திருப்பி அடுக்குவதற்கென விரிவான விதிமுறை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் செவ்வனே வேலை செய்கிறது; நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் இரு திசைகளுக்கு இடையில் நிற்கும்போதுதான் சில வேளை தடுமாறுகிறது.

நம் விஷயத்தின் மர்மஸ்தானம் புள்ளியில் இருக்கிறது. அரபு எழுத்தில் புள்ளிகளும் குறிகளும் பார்வைக்கு ஒரே இனம்போலத் தோன்றினும் இரண்டும் வேறு வேறு. ‘பே’யின் அடிப்புள்ளி அந்த எழுத்தின் உறுப்பு, அதை எடுத்துவிட்டால் எழுத்து இன்னதென்றே தெரியாது. நுக்தா என்று வழங்கும் அந்தப் புள்ளிகள் ஒத்த வடிவங்களைப் பிரித்தறிவதற்காக அமைந்தவை. ஜபர், ஜேர், பேஷ் ஆகிய உயிர்க்குறிகளோ, எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து இலக்கண ஆசிரியர் அல்-கலீல் இப்னு அஹ்மத் வகுத்த வழியில், எழுத்துக்குப் புறம்பாக நின்று அதை எவ்வாறு ஒலிப்பதென்று சொல்பவை. அவற்றை இடாமலே எழுதுவதும் உண்டு. யூனிகோடு இந்தப் பேதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. உயிர்க்குறிக்குத் தனி எண். எழுத்தின் எண்ணை எழுதி அதையடுத்துக் குறியின் எண்ணை எழுதினால் இரண்டும் சேர்ந்து காட்சியளிக்கும். எழுத்தை இரட்டிக்கும் ஷத்துக் குறியும் ஜபரும் ஒன்றன்பின் ஒன்றாக எந்த வரிசையில் வந்தாலும் சமமென்றே கருதப்படும். நுக்தாவுக்கோ இந்தச் சுதந்திரம் இல்லை. எழுத்தின் எலும்பும் அதன் புள்ளிகளும் சேர்ந்து பிரிக்கலாகாத ஒரே அக்ஷரம். புள்ளியை மட்டும் தனியே கொண்டுவந்து ஏதேனும் ஓர் எழுத்தில் ஒட்டிப் புதிய எழுத்தை உண்டாக்கும் வழி, வேண்டுமென்றே மூடப்பட்டிருக்கிறது.

தமிழில் நிலைமை நேர்மாறானது என்பதைக் காண வியப்பாக இருக்கிறது. நம் ககரத்துக்கு 2965 என்றும், மெய்யாக்கும் புள்ளிக்கு 3021 என்றும் தனித்தனி எண்கள் உண்டு; ‘க்’ என்பது அவ்விரண்டின் சேர்க்கை. தமிழ்ப் புள்ளி எழுத்தோடு சேர்ந்தும் பிரிந்தும் இயங்கும் ஒரு குறி. அரபுப் புள்ளி எழுத்தின் உடம்பு. ஆகவே, தமிழ்க் கரையின் ஆலிம் ஒருவர் காஃபின் அடியில் ஒரு புள்ளி வைத்தபோது, எழுதுகோலின் ஒரு சிறு தொடுகைதான் என்று அவர் நினைத்திருக்கலாம். யந்திரத்தின் கண்ணிலோ அது புத்தம் புதிய எழுத்து. அந்த எழுத்துக்கு உலக அட்டவணையில் தனியொரு ஸ்தானம் கேட்டுப் பெற்றாலன்றி அதை எழுதவே முடியாது.

அரபுத்தமிழின் எழுத்துகளில் பலவற்றுக்குப் பிற மொழிகளின் தயவால் முன்பே இடம் கிடைத்திருந்தது. டகரத்துக்கு 1674, றகரத்துக்கு 1684, பகரத்துக்கு 1699, ணகரத்துக்கு 1721, அடிப்புள்ளியிட்ட ளாத்துக்கு 1787, ஒகரக் குறிக்கு 1623 என்ற எண்கள் அவ்வாறு வாய்த்தவை. எஞ்சி நின்றவை மூன்று: அடியில் மூன்று புள்ளியுள்ள ஐன், அடியில் ஒரு புள்ளியுள்ள காஃப், எழுத்தின் கீழே தலைகீழாக நிற்கும் பேஷ். இம்மூன்றும் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான யூனிகோடின் எட்டாம் பதிப்பில், அரபுத்தமிழுக்கு உரியவை என்ற குறிப்போடு, முறையே 2227, 2228, 2275 என்ற எண்களைப் பெற்றன. ‘எங்கே’ என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒலிக்கு ஓர் எழுத்தாக அதை அரபுத்தமிழில் எழுதப் புகுந்தால், எகரக் குறியும் வேண்டும், ஙகரமும் வேண்டும், மென்மையான ககரமும் வேண்டும். அதாவது அந்த மூன்று எண்களுமே வேண்டும். 2015-க்கு முன்னர் அந்தச் சொல்லைக் கணினியில் அரபுத்தமிழாக எழுதுவதற்கு நேர்வழி இல்லை. பல நூறு ஆண்டுகளாக ஒரு சமுதாயம் நாள்தோறும் சொல்லியும் எழுதியும் வந்த சொல் அது என்பதை எண்ணும்போது, மூன்று எண்களின் அருமை விளங்கும்.

எண்கள் சேமிக்கப்படும் விதத்திலும் ஒரு நயம் இருக்கிறது. இன்று வழக்கில் உள்ள யூ.டி.எஃப்-8 என்னும் சங்கேத முறை, கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் அமைத்தது. எண் பெரிதாகப் பெரிதாக அதற்குச் செலவாகும் பைட்டுகளும் கூடும். 2047 வரையுள்ள எண்களுக்கு அதிகபட்சம் இரண்டு பைட்டு. அதற்கு மேல் 65535 வரை மூன்று. ‘கப்பல்’ என்பதை அரபுத்தமிழில் முழுக்குறிகளோடு எழுதினால் காஃப், ஜபர், அடிப்புள்ளி ஃபே, ஷத்து, ஜபர், லாம், உயிரின்மையைக் காட்டும் சுகூன் என ஏழு எண்கள், பதினான்கு பைட்டுகள். தமிழ் எழுத்தில் எழுதினால் க, ப, புள்ளி, ப, ல, புள்ளி என ஆறு எண்கள், பதினெட்டு பைட்டுகள். ஆனால் 2015-இல் வந்த மூன்று மட்டும் 2047-ஐத் தாண்டிய எண்கள். எனவே சாதாரண காஃப் 217, 131 என்ற இரண்டு பைட்டுகளாக அமைய, அடிப்புள்ளியுள்ள காஃப் 224, 162, 180 என்ற மூன்று பைட்டுகளாக அமைகிறது. தமிழ்க் ககரமோ 224, 174, 149. அரபு மொழியிலிருந்து வந்த காஃப் ஒரு வகையாகவும், தமிழுக்காகப் பிறந்த காஃப் தமிழ்க் ககரத்தைப் போலவே 224 என்று தொடங்குவதாகவும் அமைந்தது தற்செயலே. எனினும் அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

எண் கிடைத்ததோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. எழுத்துரு செய்பவர் அந்த எண்ணுக்கு நான்கு வடிவங்களையும் வரைய வேண்டும். வரையாவிடில் வெற்றுக் கட்டம் தோன்றும். அல்லது கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அந்த ஒரு வடிவத்தை மட்டும் கடன் வாங்கி வைக்க, சேர்ந்து ஓட வேண்டிய சொல் நடுவில் முறிந்து நிற்கும். தட்டெழுதுவதற்கு உரிய விசைப்பலகை அமைப்பும் வேண்டும். இவற்றோடு ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளின் அபாயமும் உண்டு. அரபின் காஃப் 1603. பாரசீகமும் உருதுவும் எழுதுவோரின் காஃப் 1705. சொல்லின் தொடக்கத்திலும் இடையிலும் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும், ஆனால் யந்திரத்துக்கு அவை வெவ்வேறு. உருது விசைப்பலகையில் ஒருவரும் அரபு விசைப்பலகையில் மற்றொருவரும் ஒரே கிதாபைத் தட்டெழுதினால், ஒருவர் தேடும் சொல் மற்றவருடைய பிரதியில் கிடைக்காது. எந்த எண்ணைக் கையாள்வது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதிவைப்பது, இந்த வேலையில் இறங்குவோரின் முதற் கடமை.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றை இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்றும் வழங்கும் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்பிரதேசத்து மக்கள். கல்லச்சில் வந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளும் கையெழுத்துப் பிரதிகளும் மரைக்காயர் வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கின்றன; அவையும் அதே செல்லுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் இலக்கானவை. அவற்றைப் படம் பிடித்து வைத்தல் அவசரமாகச் செய்ய வேண்டியதே. அதைக் குறைத்துக் கூற நான் முன்வரமாட்டேன். ஆனால் படம் என்பது மையின் தோற்றம் மட்டுமே. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. இரண்டு பிரதிகளை ஒப்பிட முடியாது. பார்வையற்றோர்க்கு அதை வாசித்துக் காட்ட யந்திரத்தால் இயலாது. எண்களாக மாற்றப்பட்ட பின்னரே அது நூல் என்ற நிலையை அடைகிறது.

தமிழ் எழுத்துக்கே மாற்றி எழுதிவிட்டால் போதாதோ என்று கேட்போர் உண்டு. படிப்பவர்க்கு அது உபகாரமே. ஆனால் மாற்றும்போது சில செய்திகள் அழிந்துபோகும். தமிழ் எழுத்து, ‘கல்’ என்பதன் வல்லொலிக்கும் ‘தங்கம்’ என்பதன் மெல்லொலிக்கும் ஒரே ககரத்தை எழுதுகிறது. இடத்தை நோக்கி ஒலிப்பது தமிழர் மரபு. அரபுத்தமிழோ காஃபையும் அடிப்புள்ளிக் காஃபையும் பிரித்து எழுதும் வசதி உடையது. தகரத்தின் இரு ஒலிகளுக்கும் அரபில் ‘தே’ என்றும் ‘தால்’ என்றும் தனித்தனி எழுத்துகள் உண்டு. மறுபுறம், தமிழில் நாம் பிரித்தெழுதும் நகர னகரங்கள் இரண்டும் அங்கே ஒரே நூனில் அடங்கிவிடக்கூடும். ஆகவே எந்தத் திசையில் மாற்றினாலும் ஏதோ ஒன்று நழுவும். தமிழ் ஏடுகள் சொல்லாத உச்சரிப்பைச் சொல்லும் சாட்சி இந்த எழுத்து. தமிழ் ஒலியியல் ஆராய்வோர் இதை இன்னும் உரிய அளவு நாடாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு ஒரு பேருந்துப் பயணத்தின் தூரமே உண்டு. மூல எழுத்திலேயே, மூல எண்களிலேயே, ஒரு கிதாபைப் பதிந்துவைத்தால், 1603 எந்தெந்தச் சொற்களில் வருகிறது, 2228 எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று பிரித்தெடுக்க யந்திரத்துக்குச் சில கணங்கள் போதும். நூறாண்டுக்கு முன் வெள்ளாற்றங்கரையில் வாழ்ந்த ஒரு குடும்பம் எந்தக் ககரத்தை வன்மையாகவும் எதை மென்மையாகவும் சொல்லிற்று என்பதை, அவர்கள் வைத்த புள்ளியைக் கொண்டே நாம் சொல்ல முடியும்.